ஆடிப்பட்டம் இல்லாத ஊரில் கீரைப் பண்ணை

"ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்லுவாங்க. இங்க ஆடியை எங்கம்மா தேடுறது?" என்று சிரித்தபடிதான் என் மாமியார் விதைப் பொட்டலங்களை என் மடியில் வைத்தார். சிறுகீரை, முளைக்கீரை, மணித்தக்காளி, கொத்தவரை. மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி வந்து, நாற்பது ஆண்டுகளாகச் சிங்கப்பூரின் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருப்பவர். வீட்டு வாசலில் நான்கு தொட்டிகளில் கறிவேப்பிலையும் துளசியும் வளர்ப்பதோடு அவருடைய விவசாயம் நின்றிருந்தது. அன்று அவர் விளையாட்டாகச் சொன்னதன் பொருள் எனக்கு விளங்குவதற்கு மூன்று ஆண்டுகளும் கையிலிருந்த சேமிப்பில் பாதியும் ஆயிற்று.

அது 2013 டிசம்பர். தீவின் வடமேற்கில் பண்ணைகள் இருக்கும் லிம் சூ காங்கில் ஒரு சீனப் பெரியவரின் காய்கறிப் பண்ணையில் கால் ஏக்கர் அளவு சும்மா கிடந்தது. அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. பிள்ளைகள் யாரும் மண்ணுக்கு வரவில்லை. பண்ணை அவர் பெயரில், உழைப்பு எங்களுடையது, செலவில் பங்கு என்று பேசிக்கொண்டு நானும் என் கணவரும் இறங்கினோம். நான் அப்போது ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். வாரத்துக்கு மூன்று நாள் வேலை என்று குறைத்துக்கொண்டேன். அந்த மாதக் கடைசியில்தான் நம்மாழ்வார் ஐயா காலமான செய்தி வந்தது. அவருடைய பேச்சுகளைக் கேட்டுக் கேட்டுத்தான் ரசாயனமில்லாத விவசாயத்தில் எனக்கு ஆசையே வந்தது. முதல் பாத்தியை வெட்டிய அன்று அவரை நினைத்துக்கொண்டேன்.

நினைத்து என்ன பயன்? அடுத்த மாதமே வானம் வறண்டது. 2014 பிப்ரவரி சிங்கப்பூரின் வானிலைப் பதிவில் மிக வறண்ட மாதம். சாங்கி நிலையத்தில் அந்த மாதம் முழுக்கப் பெய்தது 0.2 மில்லிமீட்டர். செம்மண் கலந்த களிமண் காய்ந்து பாளம் பாளமாக வெடித்தது. காலையும் மாலையும் குழாயைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றினோம். ஊற்றிய தண்ணீர் வெடிப்புக்குள் ஓடிப் போனது. மேல்மண்ணில் மக்கிய பொருளே இல்லாததால் ஈரம் தங்கவில்லை. பெரியவர் குனிந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப் பார்த்துவிட்டுச் சந்தை மலாயில் சொன்னார்: "தானா லாபார்." மண் பசியாக இருக்கிறது என்று அர்த்தம். அதைக் கேட்டுக்கொண்டேன், ஆனால் காதில் ஏறவில்லை. எங்கள் கவனமெல்லாம் எதை நட்டால் நல்ல விலை கிடைக்கும் என்பதில் இருந்தது.

நல்ல விலை எதற்கு? சாலட் இலைக்கு, கொத்தமல்லிக்கு, தக்காளிக்கு, காலிபிளவருக்கு. எல்லாவற்றையும் நட்டோம். மே மாத வெயிலில் கொத்தமல்லி ஒரு சாண்கூட வளராமல் பூவெடுத்துவிட்டது. சாலட் இலை கசந்தது. காலிபிளவர் இலையாகவே நின்றது. தக்காளி மட்டும் நன்றாக ஏறி வந்து, காய் பிடிக்கும் நேரத்தில் ஒரு நாள் மத்தியானம் தலை தொங்கியது. சாயங்காலம் நிமிரும் என்று பார்த்தோம், நிமிரவில்லை. நான்கே நாளில் இருபத்தாறு செடிகள் பச்சையாகவே வாடிச் செத்தன. தண்டை அறுத்து ஒரு தம்ளர் தண்ணீரில் வைத்தால் வெள்ளை இழையாகப் பால் போல வடியும். பாக்டீரியா வாடல் நோய்க்கு அதுதான் அடையாளம். இந்த மண்ணிலும் ஈரத்திலும் அது போகவே போகாது. வருடக் கடைசியில் வடகிழக்குப் பருவமழை வந்து மிச்சமிருந்ததையும் அழுக வைத்தது. "ஆயேர் பாஞ்ஞாக், மாத்தி" என்றார் பெரியவர். தண்ணீர் மிஞ்சினால் சாவுதான்.

அந்த மழையில் ஒருநாள் வடிகால் ஓரமாக நடந்து போனபோதுதான் கண்ணில் பட்டது. யாரும் நடாத, யாரும் உரம் போடாத இடத்தில் கங்கோங் (வள்ளைக்கீரை) தளதளவென்று படர்ந்திருந்தது. வேலியில் கொடிப்பசலை. நடைபாதைக் கல்லிடுக்கில் வல்லாரை. கழிவுக் குவியல் பக்கத்தில் தானாக முளைத்த மணித்தக்காளி, காய் கறுத்து நின்றது. பொன்னாங்கண்ணியை நாங்கள் களை என்று பிடுங்கி எறிந்துகொண்டிருந்தோம்! மாமியாரிடம் சொன்னேன். "பைத்தியக்காரி, அதைத்தான் தேக்கா சந்தையில கட்டு கட்டா காசு குடுத்து வாங்கிட்டு வர்றேன்" என்றார்.

விற்பதை நடுவதை விட்டுவிட்டு, விளைவதை விற்பது என்று அன்று முடிவெடுத்தோம். சொல்வதற்குச் சுலபமாக இருக்கிறது. எனக்கு இதுதான் இத்தனை ஆண்டுகளில் கிடைத்த பெரிய பாடம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் வருடம் முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். வெப்பமும் 24க்கும் 33 டிகிரிக்கும் நடுவில்தான் ஊசலாடும். மழை ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல். பகல் நீண்டு குளிர் வந்து போனால்தான் விளைவேன் என்று அடம் பிடிக்கும் பயிருக்கு இங்கே வேலையில்லை. பெரிய வெங்காயம், கேரட், காலிபிளவர் எல்லாம் அந்த வகை. அவற்றை வலைக்கூடாரமும் குளிரூட்டியும் வைத்து வளர்க்கலாம், வளர்க்கிறார்கள். கால் ஏக்கர்க்காரர்களுக்கு அது கட்டுப்படியாகாது. கங்கோங், தண்டுக்கீரை, முளைக்கீரை, கொடிப்பசலை, சர்க்கரைவள்ளிக் கிழங்கின் இலை, பொன்னாங்கண்ணி, வல்லாரை, மணித்தக்காளி, முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை, வெண்டை, கத்திரி, பயற்றங்காய், சிறகவரை, பாகல், புடலை, கோவை, செராய் என்னும் எலுமிச்சைப்புல், மஞ்சள், வாசனை இலையான பண்டான்: இவையெல்லாம் இந்த ஊர்ப் பிள்ளைகள். பாதிக்கு மேல் ஒரு முறை நட்டால் பல மாதம், சில பல ஆண்டு, வெட்ட வெட்டத் துளிர்ப்பவை. நாற்றுக்கும் விதைக்கும் உழவுக்கும் ஆகும் செலவு அப்படியே இறங்கியது. கத்திரியையும் வாடல் நோய் விடவில்லை. அதற்கு வழி நம் சமையலறையிலேயே இருக்கிறது. சுண்டைக்காய்ச் செடியின் வேருக்கு அந்த நோயைத் தாங்கும் சக்தி அதிகம். சுண்டை நாற்றின் தண்டில் கத்திரியை ஒட்டுக் கட்டினால் மழைக்காலத்திலும் நிற்கிறது. முதலில் கட்டிய பத்தில் மூன்றுதான் பிழைத்தது. இப்போது பத்துக்கு எட்டு.

சரி, விளைந்ததை யார் வாங்குவது? மணித்தக்காளிக் கீரையைப் பேரங்காடிக்குக் கொண்டுபோனால் என்னவென்றே தெரியாது. பொன்னாங்கண்ணியைச் சமைக்கத் தெரிந்தவர் வேண்டும். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று மாமியாருக்குத் தெரிந்திருந்தது. கோயில் வரிசையில், நடைப்பயிற்சிக் கூட்டத்தில், பேரப்பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவிடும் பாட்டிகளிடம். முதல் வாரம் ஏழு வீடு. வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கினேன். "வாய்ப்புண்ணுக்கு மணித்தக்காளி இருக்கா கண்ணு?" என்று கேட்டுத்தான் பலர் முதலில் வந்தார்கள். ஆறு மாதத்தில் நாற்பத்தைந்து வீடு. அத்தோடு நிறுத்திக்கொண்டோம். வாரம் ஒரு பை, 20 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்); எட்டு வகை இருக்கும்; எந்த எட்டு என்பதை மண் முடிவு செய்யும். இதை ஒப்புக்கொண்டவர்கள் மட்டும் குழுவில் இருக்கிறார்கள். ஒரு உணவகத்திலிருந்து தினம் பத்துக் கிலோ, ஒரே அளவு, ஒரே நீளம் என்று கேட்டார்கள். பணத்தைப் பார்த்து ஒப்புக்கொண்டு இரண்டு மாதம் திண்டாடினோம். எங்கள் வீடுகளுக்கு வாடிய கீரை போனது. அதற்குப் பிறகு அப்படிப்பட்ட ஆர்டரை எடுப்பதில்லை.

தேக்காவில் கிடைக்கும் மலேசியக் கீரையின் விலைக்கு நாங்கள் விற்க முடியாது. முயன்றால் மூன்று மாதத்தில் கடை மூட வேண்டியதுதான். நாங்கள் வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்வது இதுதான்: காலை ஏழு மணிக்கு அறுத்தது மத்தியானம் உங்கள் அடுப்பில் இருக்கும். கீரையை வெயில் ஏறுவதற்கு முன்னால் அறுத்து, உடனே நிழலில் தண்ணீரில் முக்கி, வடியவிட்டு, வாழை இலையில் சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். பத்து மணிக்கு அறுத்த கீரையை எந்தப் பெட்டியாலும் காப்பாற்ற முடியாது.

பட்டம் இல்லாத ஊர் என்றேனே, அது முழு உண்மையல்ல. இந்த ஊருக்கென்று ஒரு பட்டம் இருக்கிறது, நம் பஞ்சாங்கத்தில் இல்லை. நவம்பரிலிருந்து ஜனவரி வரை அடைமழை. அப்போது மேட்டுப்பாத்தி ஒரு முழ உயரமாவது இருக்க வேண்டும், இலைப்பயிருக்கு மேலே பிளாஸ்டிக் கூரை வேண்டும், கங்கோங்குக்கு மட்டும் எதுவும் வேண்டாம். பிப்ரவரியில் வறட்சி, டிசம்பரில் எடுத்து வைத்த மூடாக்கை (மண்ணை மூடும் சருகை)த் திரும்பப் போட வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் மத்தியான இடிமழை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை விடியற்காலையில் சுமத்ராப் பக்கமிருந்து வரும் சூறைக்காற்று பந்தலைச் சாய்த்துவிட்டுப் போகும். அந்த மாதங்களில் புடலைப் பந்தலுக்கு இரட்டைக் கட்டு. 2015 செப்டம்பரில் புகைமூட்டம் வந்து பள்ளிகளையே மூடிய வாரத்தில் வெயில் மங்கி, இருபத்தைந்து நாள் கீரை முப்பத்தைந்து நாள் எடுத்துக்கொண்டது.

இந்தப் பட்டத்தோடு வாங்குபவர்களின் பட்டத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். புரட்டாசியில் பாதி வீடுகளில் கவிச்சி கிடையாது; கீரையும் காயும் ஒன்றரை மடங்கு கேட்பார்கள். அதற்கு ஆகஸ்டிலேயே வெண்டையும் பயற்றங்காயும் ஊன்றிவிட வேண்டும். ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறையில் வீடுகள் ஊருக்குப் போய்விடும்; அந்த மாதங்களில் எட்டுப் பாத்திகளில் மண்ணுக்கே உரமாகும் சணப்பு விதைத்து ஓய்வு கொடுப்போம். ஒரே நாளில் எல்லாப் பாத்தியையும் விதைப்பது புதிதாக வருபவர்கள் எல்லாரும் செய்யும் தவறு, நானும் செய்தேன். அடுத்த மாதம் ஒரே வாரத்தில் எண்பது கிலோ கீரை, பிறகு மூன்று வாரம் ஒன்றுமில்லை. இப்போது 10 மீட்டர் நீளத்தில் நாற்பது பாத்தி. செவ்வாய்க்கிழமை தோறும் நான்கு பாத்திதான் விதைப்பு. மழையோ வெயிலோ, தீபாவளியோ, அந்த நான்கு மட்டும் தவறுவதில்லை.

இனி மண்ணுக்கு வருகிறேன். அந்தப் பெரியவர் சொன்ன பசி. மண்ணின் அமில அளவை (pH) பார்த்தபோது 4.8 காட்டியது; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். வருடம் முழுக்க அடிக்கும் மழை சுண்ணாம்புச் சத்தையும் மற்றதையும் கீழே கழுவிக்கொண்டு போய்விடும். சதுர மீட்டருக்கு இரண்டு கைப்பிடி டோலமைட் சுண்ணாம்பு, நான்கு மாதத்துக்கு ஒரு முறை, அளந்து பார்த்துப் போட்டு, இரண்டாம் ஆண்டில் 6ஐத் தொட்டது. சுண்ணாம்பையும் எருவையும் ஒரே நாளில் கலக்கக் கூடாது. தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். மூக்கே சொல்லிவிடும்.

முதல் ஆண்டு அவசரத்தில் கோழி எருவை மூட்டை மூட்டையாகக் கொட்டினோம். கீரை கரும்பச்சையாக எழுந்தது, நாங்கள் பூரித்துப் போனோம். இரண்டு வாரத்தில் அசுவினிப் பூச்சி அப்பியது. இலை தடித்து, சமைத்தால் ருசியில்லை. மண்ணின் மேலே வெள்ளையாக உப்புப் பூத்தது. மழையில் அந்தச் சத்தெல்லாம் வடிகாலுக்கு ஓடியது. எங்கள் வடிகால் போய்ச் சேருவது கிராஞ்சி நீர்த்தேக்கத்துக்கு. அதைத்தான் சுத்திகரித்துக் குடிக்கிறோம். இயற்கை எருதானே என்று அளவில்லாமல் போடுவது இயற்கை விவசாயம் ஆகாது என்று அன்று எனக்கு வெட்கமாக உறைத்தது. பாத்திகளுக்கும் வடிகாலுக்கும் நடுவே வெட்டிவேர் வரிசை நட்டது அதற்குப் பிறகுதான். செராயும் நட்டோம், அதைப் பையில் போட்டு விற்கவும் ஆயிற்று.

மட்கு உரத்துக்கு இந்த ஊரில் பொருள் பஞ்சமே இல்லை. தூங்குமூஞ்சி மரத்துச் சருகு, மரம் வெட்டுபவர்கள் அரைத்த மரத்தூள், டோஃபு செய்யும் இடத்தில் மிஞ்சும் சோயாச் சக்கை, கோப்பிக் கடையின் கோப்பித்தூள். இவற்றோடு எங்களுக்கே கிடைத்த வரம், சிராங்கூன் சாலைப் பக்கத்து உணவகத்தின் வாழை இலை. வெள்ளி, சனி இரண்டு நாளும் ராத்திரி என் கணவர் வேனை எடுத்துக்கொண்டு போய் ஆறேழு பெரிய பை கொண்டுவருவார். சோறும் எலும்பும் இல்லாமல் இலையை மட்டும் தனியாகப் போடும்படி அங்கிருக்கும் தம்பிகளிடம் கேட்டுக்கொண்டோம். பதிலுக்கு வாரம் ஒரு கட்டு கறிவேப்பிலை. இலையைக் கத்தியால் இரண்டு வெட்டு வெட்டினால் சீக்கிரம் மக்கும். வெட்டாமல் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகை மாதிரி ஆகி உள்ளே காற்றுப் போகாது. கோயில் பூமாலைகளும் கேட்டு வாங்கினோம். நைலான் நூலைப் பிரித்தெடுக்க மனிதர் வேண்டியிருந்தது, பூவுக்கு அடித்த மருந்தை நினைத்தும் தயக்கமாக இருந்தது, நிறுத்திவிட்டோம்.

சருகு மூன்று பங்கு, ஈரப்பொருள் ஒரு பங்கு என்று கூடையால் அளந்து, இடுப்பு உயரத்துக்குக் குவிக்க வேண்டும். மூன்றாம் நாள் உள்ளே கையை வைக்க முடியாது, 60 டிகிரி ஏறிவிடும். அந்தச் சூட்டில்தான் களை விதையும் நோய்க்கிருமியும் சாகும். வாரம் ஒரு முறை புரட்டல், பத்து வாரத்தில் கறுத்துப் பொலபொலவென்று வரும். மேலே கூரை இல்லாவிட்டால் இந்த மழையில் குவியல் சேறாகி நாறும், பக்கத்துப் பண்ணையிலிருந்து சத்தம் வரும். புரட்டாமல் விட்டால் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுவிடும். கட்டைவிரல் தடிமனுக்கு வெள்ளைப் புழுக்கள். அந்த வண்டு தென்னையின் குருத்தைத் துளைக்கும், அதனால் கிடைத்த புழுவையெல்லாம் பொறுக்கிப் பக்கத்துக் கோழிகளுக்குப் போட்டோம்.

ஈரச்சந்தையில் மீன் செதிலும் குடலும் இலவசம். சம எடை வெல்லத்தோடு மூடி வைத்தால் ஒரு மாதத்தில் மீன் அமிலம். லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி, மாலையில் மட்டும், அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்தம். பஞ்சகவ்யம் செய்யப் பால்மாட்டுச் சாணம் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. கிடைக்காததற்கு ஏங்குவதைவிடக் கிடைப்பதை வைத்துச் செய்வதே மேல் என்று ஊர்ப்பழக்கத்தை அப்படியே இறக்குமதி செய்யும் ஆசையை விட்டேன். மட்காத எருவை இலைப்பயிருக்கு மட்டும் எந்த நாளும் போடாதீர்கள். பச்சையாகத் தின்பவர்களும் இருக்கிறார்கள்.

பூச்சியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் முடியாது. ஆப்பிரிக்க நத்தைக்கு மருந்தே இல்லை, கைதான். மழை விட்ட ராத்திரியில் டார்ச்சு விளக்கோடு வாளியில் பொறுக்கினால் முதல் வாரம் நானூறு, மூன்றாம் மாதம் நாற்பது. கையுறை போடாமல் தொடக் கூடாது; மூளையைத் தாக்கும் ஒட்டுண்ணிப் புழு அதன் சளியில் இருக்கக்கூடும். பாகலுக்கும் புடலுக்கும் பழ ஈ வராமல் விரல் நீளப் பிஞ்சிலேயே காகிதப் பை கட்ட வேண்டும். வெண்டை வேரில் முடிச்சு முடிச்சாக நூற்புழு வந்த பாத்தியில் சணப்பை விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி, அடுத்ததாகச் செண்டுமல்லி போட்டோம், குறைந்தது, ஒழியவில்லை. சாய் சிம் என்ற சீனக் கீரையை வைரமுதுகு அந்துப்பூச்சியிடமிருந்து வலை மட்டுமே காத்தது. குரங்குகளிடம் தோற்றுவிட்டோம் என்று ஒப்புக்கொள்கிறேன். காட்டோரப் பாத்தியில் இப்போது அவை விரும்பாத மஞ்சள், செராய், பாகல் மட்டும்.

ஒரு சொல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆரம்பத்தில் பைகளில் 'ஆர்கானிக்' என்று அச்சடித்திருந்தோம். சிங்கப்பூரில் அப்படி எழுதி விற்க முறையான சான்றிதழ் வேண்டும். 2017இல் நகர்ப்புறப் பண்ணைகளையும் மனதில் வைத்து எஸ்எஸ் 632 என்ற தரநிலை வந்தது. சோதனை, பதிவேடு, கட்டணம் எல்லாம் உண்டு. எங்கள் அளவுக்கு அது இன்னும் எட்டவில்லை. அதனால் ஒட்டுத்தாளைக் கிழித்துவிட்டு, எந்தப் பாத்தியில் என்ன போட்டோம் என்ற நோட்டைப் படம் எடுத்து வாரா வாரம் குழுவில் போடுகிறோம். சந்தேகப்படுபவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாம். வந்தவர்களில் சிலர் களையும் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். சான்றிதழ் எடுக்கும் எண்ணம் உள்ளவர்கள் முதல் நாளிலிருந்தே நோட்டை எழுதுங்கள். பின்னால் நினைவிலிருந்து எழுத முடியாது.

இங்கே பண்ணை வைப்பவருக்குக் கொசு இன்னொரு பயிர் மாதிரி. தினம் கவனிக்க வேண்டும். பீப்பாய்க்கு மூடியும் வலையும் எல்லாரும் போடுவார்கள். மூங்கில் கம்பின் வாயை யாரும் பார்ப்பதில்லை. பந்தலுக்கு ஊன்றிய கம்புகளின் குழிக்குள் தேங்கிய இரண்டு தேக்கரண்டித் தண்ணீரில் கொசுப்புழு நெளிந்ததை ஒரு சோதனை அதிகாரிதான் காட்டினார். அன்றே எல்லாக் கம்பின் வாயிலும் மணலைக் கொட்டி அடைத்தோம்.

அதைவிட முக்கியம், வெறுங்காலோடு சேற்றில் இறங்காதீர்கள். இந்த ஊர் மண்ணிலும் சேற்றுநீரிலும் மெலியாய்டோசிஸ் என்ற நோயை உண்டாக்கும் கிருமி இருக்கிறது. சின்னக் காயம் வழியாக ஏறும், பெருமழைக்குப் பிறகு ஆபத்து கூடும், நீரிழிவு உள்ளவர்களை மோசமாகத் தாக்கும். நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத வீடு எது? என் கணவருக்கும் உண்டு. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையுறை இல்லாமல் அவரைப் பாத்திக்குள் விடுவதில்லை. மண்ணை வெறும் காலால் தொட வேண்டும் என்று ஊரில் சொல்வதெல்லாம் எனக்கும் பிடிக்கும்தான். இங்கே வேண்டாம்.

2020 மார்ச்சில் மலேசியா எல்லையை மூடியபோது எங்கள் குழுவில் ஒரே நாளில் நூற்றுப்பத்துப் பேர் சேரக் கேட்டார்கள். காய்கறி வருமா வராதா என்று ஊரே பதறிய நாள்கள். பெரியவரிடம் வேலை பார்த்து எங்களுக்கும் பாதி நேரம் உழைத்த ஜொகூர் அண்ணன் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். "தங்கச்சி, பந்தலைப் பாத்துக்க, பாகல் பூத்திருக்கு" என்று போனில் சொன்னார். அறுக்க ஆளில்லை, நூற்றுப்பத்து வீட்டுக்கும் கொடுக்க ஆசை. கணவரும் நானும் பள்ளி மூடியிருந்த மகளும் மூன்று மாதம் ஓடினோம். பழைய நாற்பத்தைந்து வீடுகளில் பலர் பையைப் பாதியாக வாங்கிக்கொண்டு மீதியை அக்கம்பக்கத்து முதியவர்களுக்குக் கொடுக்கச் சொன்னார்கள். அந்த வீடுகள் இல்லையென்றால் நாங்கள் இன்று விவசாயத்தில் இல்லை.

பணக் கணக்கையும் வைத்துவிடுகிறேன், யாரும் சொல்ல மாட்டார்கள். மாத வரவு சுமார் 3,800 வெள்ளி. இடத்துக்குப் பங்கு, அண்ணனின் சம்பளத்தில் பங்கு, தண்ணீர், வேன், விதை, வலை எல்லாம் போகக் கையில் 1,200 நின்றால் நல்ல மாதம். அதை வைத்து இந்த ஊரில் ஒரு குடும்பம் ஓடாது. என் பாதிநேரச் சம்பளமும் கணவரின் சம்பளமும் இருப்பதால் ஓடுகிறது. வேலையை முழுதாக விட்டுவிட்டு வரலாமா என்று கேட்கும் தம்பி தங்கைகளிடம், இரண்டு ஆண்டு வராத வருமானத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்கிறேன். 2030க்குள் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்ளூரிலேயே விளைவிப்பது என்று அரசாங்கம் 2019இல் அறிவித்த நாளில் எல்லாரும் உயரமான கட்டடப் பண்ணைகளைப் பற்றியே பேசினார்கள். அவற்றில் சில மின்கட்டணத்துக்கே ஈடுகொடுக்க முடியாமல் மூடின. கால் ஏக்கர் மண் ஊருக்கே சோறு போடாது. ஆனால் அதற்கு விளக்கும் வேண்டாம்.

இடம் நமக்குச் சொந்தமில்லை என்ற விஷயத்தை நான் கடைசிவரை தள்ளிப்போட்டேன், எழுத்திலும் வாழ்க்கையிலும். 2014இலேயே லிம் சூ காங்கில் 62 பண்ணைகளின் நிலம் வேறு தேவைக்குத் திரும்பப் பெறப்படும் என்ற செய்தி வந்துவிட்டது. பிறகு நீட்டிப்புகள் கிடைத்தன. பத்து ஆண்டு கழித்துப் பலன் தரும் மண்ணை, என்றைக்கு விட்டுப் போவோம் என்று தெரியாத இடத்தில் எதற்காக வளர்ப்பது என்று பல ராத்திரி தூக்கம் வராமல் கிடந்திருக்கிறேன். 2021 ஜனவரி முதல் இரண்டு நாள் விடாமல் கொட்டிய மழையில் சுற்றுப்பக்கம் தண்ணீர் நிற்க, எங்கள் பாத்திகள் மதியத்துக்குள் வடிந்து காலை வைத்தால் மெத்தென்று இருந்தன. ஏழு ஆண்டு வாழை இலை அது. அந்த ஆண்டே அந்த இடத்தைக் காலி செய்தோம்.

போகும்போது மண்ணை எடுத்துக்கொண்டு போனோம். பெரியவரும் சரி என்றார். பாத்திகளின் மேல் ஒரு சாண் மண்ணை வழித்து, அரிசிச் சாக்குகளில் கட்டி, நான்கு நடை லோரியில் சுங்கை தெங்கா பக்கத்தில் கிடைத்த புது இடத்துக்கு ஏற்றினோம். கறிவேப்பிலைப் பக்கக்கன்றுகள், வெட்டிவேர் தூறுகள், முருங்கைப் போத்துகள், பத்துப் பன்னிரண்டு டப்பா விதைகள். அத்தனையையும் தூக்கிப் போக முடிந்தது நாங்கள் நட்டது அந்த வகை என்பதால்தான். ஒரு பசுமைக் கூடாரத்தைப் பெயர்த்துப் போயிருக்க முடியாது. நாற்பத்தைந்து வீடுகளில் நாற்பத்திரண்டு கூடவே வந்தன.

புது இடத்து மண்ணும் களிமண்தான், அமில அளவு 5.1. பழைய மண் எட்டுப் பாத்திக்குத்தான் போதும் என்பதால் அவற்றில் மட்டும் பரப்பி, மற்றதில் சணப்பு விதைத்தோம். மூன்றாம் வாரம் மாமியாரை நாற்காலியில் உட்கார வைத்துச் சுற்றிக் காட்டினேன். முதல் பாத்தியின் ஓரத்தில் ஏதோ துளிர் கூட்டமாக எழுந்திருந்தது. நாங்கள் அங்கே இன்னும் எதையும் விதைக்கவில்லை. குனிந்து ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தார்.

"மணித்தக்காளி. நான் குடுத்த விதைதான்" என்றார்.